குறுநரிக் கூட்டத்தில் ஒரு நீலக் கோள்: என் அனுபவம்

வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் எச்.டி. 189733 பி கோளைப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை. 64 ஒளியாண்டு தள்ளி இருப்பதை மொட்டை மாடியிலிருந்து பார்ப்பதாவது என்பார்கள். உருவமாகப் பார்க்கவில்லைதான். அது குறுக்கே போனபோது அதன் நட்சத்திரம் மங்கி, மறுபடி தெளிந்ததைப் பார்த்தேன். என்னைப் பொறுத்தவரை அதுவும் சந்திப்புதான்.

இடம் கண்டுபிடிப்பது சுலபம். புரட்டாசி முன்னிரவில் அபிஜித்தும் திருவோணமும் உயரத்தில் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் குறுநரி விண்மீன் கூட்டம், அதில் எம்27 என்ற டம்பெல் நெபுலா, அதாவது ஒளிரும் வாயு மேகம். அங்கிருந்து கிழக்கே முழுநிலவில் பாதி அகலம் நகர்ந்தால் அந்த நட்சத்திரம். வெறும் கண்ணுக்கு எட்டாது, இருட்டான வானத்தில் பைனாகுலருக்கு எட்டும்.

2005-இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்தக் கோள் 2.2 நாளுக்கு ஒரு சுற்று முடித்துவிடுகிறது. குறுக்கே கடக்கும்போது நட்சத்திர ஒளி சுமார் 2.4 சதவீதம் குறையும். கண்ணால் உணர முடியாத குறைவு அது. தொலைநோக்கியில் கேமராவை மாட்டி, விடாமல் படமெடுத்து, பக்கத்து நட்சத்திரம் ஒன்றோடு ஒப்பிட வேண்டும். குவியத்தைக் கொஞ்சம் கலைத்துவிட்டால் நட்சத்திரம் சின்ன வட்டமாகப் பரவி, அளவு சீராகக் கிடைக்கும்.

அன்று மேகம் விட்டிருந்தது. வரைபடத்தில் புள்ளிகள் ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தன. அப்புறம் ஒன்று இறங்கியது, அடுத்ததும் இறங்கியது. ஒப்பீட்டு நட்சத்திரம் அசையவில்லை, இது மட்டும் சரிந்தது. கிட்டத்தட்ட 1.8 மணி நேரம். வியாழனைவிடச் சற்றுப் பெரிய ஒரு கோள் அந்த நேரத்தில் நட்சத்திரத்தின் முகத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அது நீல நிறம் என்றதும் அக்கா மகள், “அப்போ அங்க கடல் இருக்கா மாமா?” என்று கேட்டாள். கடல் இல்லை. அந்த நீலத்தைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கோள் நட்சத்திரத்துக்குப் பின்னால் மறையும்போது அதிலிருந்து வரும் ஒளியும் நின்றுபோகும் அல்லவா? ஹபிள் தொலைநோக்கி அந்த நேரத்தை அளந்தது. நீல ஒளி மட்டும் குறைந்தது, பச்சையில் அப்படி எதுவும் தெரியவில்லை. 2013-இல் வெளியான முடிவு இது. வளிமண்டலத்தில் மிதக்கும் நுண்ணிய சிலிகேட் துகள்கள், அதாவது கண்ணாடிக்கு உறவான பொருள், நீல ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கருதுகிறார்கள்.

இனி வருவது என் கற்பனை, ஆனால் எண்களை மீறாத கற்பனை. அது வாயுக் கோள், நிற்கத் தரை கிடையாது, அதனால் பகலும் இரவும் சேரும் ஓரத்தில், மேகங்களுக்கு மேலே மிதக்கிறேன். கோள் எப்போதும் ஒரே முகத்தையே நட்சத்திரத்துக்குக் காட்டுவதால் அங்கே அந்தி முடிவதில்லை. அடிவானத்தில் பாதி முங்கியபடி நிற்கும் நட்சத்திரம், நாம் பார்க்கும் சூரியனைப்போல் 25 மடங்கு அகலம். துகள்களைக் கடந்து வருவதற்குள் நீலம் கழிந்துவிடுவதால் ஒளி செக்கச் சிவப்பு. பகல் பக்கம் சுமார் 940 டிகிரி செல்சியஸ், இரவுப் பக்கம் 700. அந்த வேறுபாட்டில் பிறக்கும் காற்று மணிக்கு 8,000 கிலோமீட்டருக்கு மேல் வீசுகிறது. அதில் கண்ணாடி மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் பாய்ந்து தோலைச் சீவுகிறது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். இதற்கு ஆதாரம் இருக்கிறது: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருப்பதை 2024-இல் அறிவித்தார்கள்.

அடுத்து நீல வடிகட்டி, சிவப்பு வடிகட்டி இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு கடப்பைப் பதிவு செய்யப் போகிறேன். துகள் மூட்டத்தால் நீலத்தில் கோள் ஒரு துளி பெரிதாகத் தெரிய வேண்டும். என் சின்னத் தொலைநோக்கிக்கு அது பிடிபடுமா என்பது சந்தேகம்தான். யாராவது முயன்றிருந்தால், எத்தனை அங்குலத் தொலைநோக்கி, எவ்வளவு நேர எக்ஸ்போஷர் வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.