'ஸ்லோவில உதறுது': எஞ்சின் கோளாறு ஒன்றுக்குப் பெயர்

வணக்கம்.

நாம் தொகுக்கும் வாகனக் கலைச்சொற் பட்டியலில் இழுபட்டுக்கொண்டே இருப்பது இது ஒன்றுதான்: பிக்கப் நிற்கும்போது எஞ்சின் சீராக ஓடாமல் குலுங்கும் கோளாறுக்கு என்ன பெயர்? 'கரடுமுரடான வெற்றோட்டம்', 'ஒழுங்கற்ற வறிதியக்கம்', அப்புறம் 'எரிதவறு' (மிஸ்ஃபயர், சிலிண்டரில் எரிபொருள் எரியாமல் தவறுவது) என்று மூன்று முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் வெற்றோட்டம். அக்சிலரேற்றரில் கால் வைக்காவிட்டாலும் எஞ்சின் வெறுமனே ஓடுவதில்லை. மின்சாரம் தரும் ஒல்ரனேற்றரைச் சுற்றுகிறது, ஏசி போட்டிருந்தால் அதன் கொம்பிரசரையும் இழுக்கிறது. ஏசியைப் போட்டதும் குலுக்கம் கூடுகிறதா என்று பார்ப்பதே ஒரு சோதனை. 'வெற்று' என்று பெயரை வைத்துவிட்டு அதை மாணவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? வறிது என்றாலும் வெறுமைதான், ஆகவே வறிதியக்கத்துக்கும் இதே மறுப்பு. எங்கள் கராச்சுகளில், கால் வைக்காமல் எஞ்சின் ஓடும் இந்த நிலைக்கு 'ஸ்லோ' என்ற சொல் எப்போதோ வந்துவிட்டது. "ஸ்லோவில நிக்குதில்லை", "ஸ்லோவைக் கொஞ்சம் கூட்டிவிடு" என்பார்கள். காபரேற்றர் காலத்து வழக்கு, ஆனாலும் கணினி கட்டுப்படுத்தும் எஞ்சினுக்கும் அதையே சொல்கிறார்கள். அதை ஒட்டி 'மெல்லோட்டம்' என்று எழுதுவோம். யாழ்ப்பாணத்து முற்றவெளியில் காலையில் ஓடுபவர்களுக்கும் அந்தச் சொல் பொருந்துமே என்றால், பொருந்தட்டும், எஞ்சினோடு சேர்த்துச் சொல்லும்போது ஒருவரும் குழம்பப்போவதில்லை.

எரிதவறு விஷயத்தில்தான் எனக்குக் கடும் மறுப்பு. அது காரணத்தின் பெயர், அறிகுறியின் பெயர் அல்ல. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 25 எரிப்பு நடக்கும். ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் வினாடிக்கு ஆறு தடவைக்குக் கொஞ்சம் மேலே ஓர் இடைவெளி விழும், அது ஸ்ரேறிங்கிலும் கியர் லீவரிலும் கைக்குத் தெரியும். 2500 சுற்றில் அதே பழுது இருந்தாலும் இடைவெளிகள் நெருங்கி அவ்வளவாகத் தெரியாது, அதனால்தான் "ஓடேக்க நல்லா இருக்கு, நிண்டால்தான் பிரச்சினை" என்று வாகனக்காரர் சொல்வார். சரி, இது எரிதவறுதான். ஆனால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் றப்பர் கிழிந்திருந்தாலும் வண்டி இப்படியே குலுங்கும், அப்போது நான்கு சிலிண்டரும் ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 என்ற பழைய கார்களை பெற்றோல் சொட்டுவிட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களைக் கேளுங்கள். ஸ்லோவில் வண்டி உதறும், ஆனால் கோளாறு எந்தச் சிலிண்டரிலும் இல்லை, இலகுவில் ஆவியாகாத எண்ணெயில்தான் இருந்தது.

ஆகவே அறிகுறிக்கே பெயர் வைப்போம், அதையும் இரண்டாகப் பிரிப்போம். சுற்று வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்க வண்டி குலுங்கினால் 'மெல்லோட்ட உதறல்'. சுற்று வேகமே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் 'மெல்லோட்ட அலைவு'. பௌதிகம் படித்தவருக்கு அலைவு புதிதல்ல. (ஆங்கிலத்தில் இதை 'ஹண்டிங்' என்பதால் வந்த 'வேட்டையாடல்' என்ற முன்மொழிவைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.)

பிரிப்பது அழகுக்காக அல்ல, தேடும் இடமே வேறு. உதறல் என்றால், மவுண்டிங்கைப் பார்த்துவிட்டு, எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய ஹைலக்ஸ் டீசலில் இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்திப் பார்ப்பார்கள், எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அங்கேதான் பழுது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் கொமன் றெயில் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. மெல்லோட்டத்திலேயே சில நூறு பார் அழுத்தம் இருக்கும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். இந்த எச்சரிக்கையைச் சொல் விளக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும் என்பேன். கொமன் றெயிலில் ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை அளந்து ஒப்பிடுவதுதான் வழி. பெற்றோல் என்றால் ஸ்கானரில் பி0301 என்ற எரிதவறுக் குறியீடு வந்தால் முதலாம் சிலிண்டர், பி0302 வந்தால் இரண்டாவது.

அலைவு என்றால் ஒரு சிலிண்டரைத் தேடிப் பயனில்லை. டீசல் லைனில் காற்று இழுக்கிறதா, ஃபில்டர் அடியில் தண்ணீர் நிற்கிறதா, பெற்றோலானால் வாக்கியூம் குழாய் வெடித்திருக்கிறதா, காற்று உள்ளே போகும் திறொட்டில் பொடியில் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எரிதவறை விட்டுவிடச் சொல்லவில்லை. "மிஸ் அடிக்குது" என்பதற்கு அது நல்ல சொல், 'பொறித்தவறு' என்பதைவிட நல்லது, டீசலுக்குத் தீப்பொறியே கிடையாதே. ஸ்லோவில் எஞ்சின் நின்றே போவதற்கு, "ஓஃப் ஆகுது" என்கிறோமே, அதற்கு 'அணைதல்' என்று தனிப் பதிவு போடலாம் என்று நினைக்கிறேன். யாருக்காவது மறுப்பு உண்டா?