புதுப்பிப்பு: சிறை நிர்வாகம் பதிலே சொல்லாவிட்டால்?

அமெரிக்க மத்திய அரசின் சிறைகளில் முதிய, நோயுற்ற கைதிகளைக் கருணை அடிப்படையில் முன்கூட்டியே விடுவிப்பது பற்றி எழுதியிருந்தேன். மனுவைக் கிடப்பில் போட்டால் என்ன வழி என்று பலர் கேட்டீர்கள்.

2018 வரை வழியே இல்லை. அப்போது சிறைத்துறை மட்டுமே நீதிமன்றத்தை அணுக முடிந்தது. பதிலுக்குக் காத்திருந்தே செத்துப்போனவர்கள் உண்டு. அந்த ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, வார்டனிடம் (அந்தச் சிறையின் தலைமை அதிகாரி) மனு சேர்ந்து 30 நாள் கழிந்தால் கைதியே நீதிபதியிடம் போகலாம். அதனால் தேதியிட்ட நகல் ஒன்று கையில் இருப்பது அவ்வளவு முக்கியம்.

அப்புறம், புற்றுநோய் முற்றியவர் இன்னும் எத்தனை மாதம் இருப்பார் என்று மருத்துவர் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. இது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் படுக்கையில் கிடப்பவருக்கு 30 நாள் என்பது ரொம்ப அதிகம். அதைக் குறைக்கத்தான் வேண்டும்.