டெரானோவுக்கு டஸ்டர் பார்ட்ஸ் சேருமா?

கோவை டெரானோ:
வணக்கம்ங்க. என்னிடம் இருப்பது 2014 நிசான் டெரானோ, 110 பிஎஸ் பவர் டீசல். கிளட்ச் தேய்ந்துவிட்டது, முன்பக்க லோயர் ஆர்மில் (சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கை) சத்தம், ஒரு ஹெட்லைட்டும் உடைந்திருக்கிறது. "ரெனோ டஸ்டரும் இதுவும் ஒரே வண்டிதான், டஸ்டர் பார்ட்ஸையே போட்டுக்கலாம்" என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

நெடுஞ்சாலை:
தாராளமாகப் போடுங்கள். இரண்டும் ஒரகடத்தில் ஒரே ஃபாக்டரியில் வந்தவை. லோகோ மட்டும்தான் வேறு.

பார்ட்ஸ் கவுண்டர்:
லோகோ மட்டும்தான் என்றால் ஹெட்லைட்டை வாங்கிவந்து கையில் வைத்துக்கொண்டு நிற்பார். 2013இல் டெரானோவைக் கொண்டுவந்தபோது நிசான் பானெட், கிரில், முன் பம்பர், விளக்குகள், டிக்கிக் கதவு எல்லாவற்றையும் மாற்றியது. கண்ணுக்குத் தெரிகிற சாமானுக்கு டஸ்டர் பக்கமே போகாதீர்கள்.

அடியில் இருப்பது வேறு கதை. ருமேனியாவின் டாசியா லோகனுக்காக ரெனோ உருவாக்கிய பி0 பிளாட்ஃபார்ம், அதாவது வண்டியின் அடிக்கட்டமைப்புதான் இரண்டுக்கும். லோயர் ஆர்ம், ஷாக், பிரேக் பேட் எல்லாம் பொது. எஞ்சினும் அதே 1461 சிசி கே9கே. மைக்ரா, சன்னி, வெரிட்டோ டீசல்களில் இருப்பதும் அதுதான். ஐரோப்பாவில் மெர்சிடிஸ் ஏ 180 சிடிஐயில்கூட வந்தது. அதை வைத்திருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்.

ஆனால் கிளட்ச் வாங்கும்போது "டஸ்டர் டீசல்" என்று மட்டும் கேட்காதீர்கள். அதில் இரண்டு வகை உண்டு: 85 பிஎஸ்ஸுக்கு ஐந்து கியர், 110க்கு ஆறு கியர். கியர்பாக்ஸே வேறு, டர்போவும் வேறு. முன்பு வாங்கிய பார்ட்ஸின் டப்பா இருந்தால் அதில் அச்சிட்ட பார்ட் நம்பரைப் பாருங்கள். நிசான் எண்ணில் நடுவே இரண்டு சைபரும் ஒரு கியூவும் (00Q) வந்தால் பெரும்பாலும் அது ரெனோவிடமிருந்து வந்த சாமான். இரண்டு கம்பெனியின் எண்களும் ஒத்துப்போவதும் உண்டு: ஆயில் ஃபில்டர் நிசானில் 15208 என்று தொடங்கும். ரெனோவின் புதிய எண்ணிலும் முதல் ஐந்து இலக்கம் அதேதான், கடைசியில் மட்டும் ஆர் (R) என்ற எழுத்து இருக்கும்.

கோவை டெரானோ:
ரொம்ப நன்றிங்க. டப்பா எதுவும் இல்லை, செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. அப்புறம், ஹெட்லைட்டுக்கு என்ன வழி?

பார்ட்ஸ் கவுண்டர்:
டப்பா இல்லாவிட்டால் ஆர்சி புத்தகத்தில் இருக்கிற சேஸிஸ் எண்ணைக் கடையில் கொடுங்கள், கேட்லாக்கில் போட்டுப் பார்ப்பார்கள். ஹெட்லைட் டெரானோவுடையதுதான் வேண்டும். காயலான் கடையில் எடுத்தால் பின்பக்கக் காதுகள் (வண்டியில் மாட்டும் இடங்கள்) உடையாமல் இருக்கின்றனவா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள். கிளட்சுக்காக கியர்பாக்ஸை எப்படியும் இறக்கப்போகிறார்கள். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். கசிந்தால் அப்போதே மாற்றிவிடலாம், கூலி மிச்சம்.