நாடகம் படிக்கப் போகும் தங்கச்சிக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. நாங்கள் முல்லைத்தீவுப் பக்கம். தங்கச்சி உயர்தரப் பரீட்சைக்குத் தமிழ், புவியியல், நாடகமும் அரங்கியலும் எடுத்தவள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் நாடகத்தை மற்றக் கலைப் பாடங்களோடு சேர்த்துத்தான் தொடங்க வேண்டும். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் என்றால் அதையே முதன்மையாகப் படிக்கலாம்.

எனக்கென்னவோ முதலாவதுதான் நல்லதென்று படுகிறது. கோவலன் கூத்துப் பழகும் இடத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளம் தட்டினால், வேலியோரம் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் தாளம் மிதிக்கிறவள் இவள். கூத்துப் பாட்டின் தமிழையும் வரலாற்றையும் சேர்த்துப் படித்தால்தானே கூத்து முழுசாகப் பிடிபடும்?

அம்மாவுக்கு வேலையைப் பற்றித்தான் கவலை. இப்படிப் படித்தவர்கள் சொல்லுங்கள்: எந்தப் பாடங்களைச் சேர்த்தீர்கள்? ஒத்திகைக்கு நேரம் கிடைத்ததா? ஆசிரியர் வேலை தவிர வேறு எதற்குப் போனீர்கள்?