தயோஃபிளேவின் சோதனையில் குர்குமின் வேலை செய்கிறது, நோயாளியிடம் ஏன் இல்லை?

தாவரவேதி:
மஞ்சளிலிருந்து பிரித்த குர்குமின், தயோஃபிளேவின்-டி சோதனையில் (இழையோடு ஒட்டினால் ஒளிரும் சாயத்தை வைத்துச் செய்வது) பீட்டா அமிலாய்டு (அல்சைமர் மூளையில் படியும் புரதம்) இழை உருவாவதை நன்றாகத் தடுக்கிறது. அல்சைமர் நோயாளிகளிடம் மட்டும் ஏன் பலன் இல்லை? டோனெபெசில் என்ற அல்சைமர் மருந்தை எடுப்பவர், கூடவே ஹூபர்சின்-ஏ அல்லது ஜிங்கோ என்ற தாவரச் சத்துகளை எடுக்கலாமா?

நொதியியல்:
முதலில் அந்தச் சாயத்தின் ஒளிர்வையே நம்பாதீங்க. தயோஃபிளேவினைத் தூண்டும் ஒளி 440 நானோமீட்டர். குர்குமின் உறிஞ்சுவதும் 425 நானோமீட்டரை ஒட்டித்தான். வெளிச்சத்தை அதுவே விழுங்கிவிடுவதால், இழை அப்படியே இருந்தாலும் அளவு குறையும். நன்கு முதிர்ந்த இழைகளை எடுத்து, அளவெடுக்கும் நேரத்தில் குர்குமினைச் சேர்த்துப் பாருங்க. உடனே ஒளிர்வு சரிந்தால் அது தடுப்பே இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்காமல் முடிவு எழுத வேண்டாம். இன்னொரு தொல்லை: சீரம் (ரத்தத்தின் திரவப் பகுதி) சேர்க்காத பிஎச் 7.2 பஃபரில் (அமிலத்தன்மை மாறாத கரைசல்), 37 டிகிரியில், அரை மணி நேரத்தில் குர்குமின் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் குர்குமின் கரைசலை அன்றன்றைக்கே தயாரித்து, பஃபரில் விட்டதும் சோதனையை ஆரம்பிக்கணும்.

மருந்தாளுநர்:
குடல்சுவரும் கல்லீரலும் குர்குமினைக் குளுக்குரோனைடாக (நீரில் எளிதில் கரையும் கழிவு வடிவம்) மாற்றி வெளியே தள்ளிவிடும். தினம் 2 கிராம், 4 கிராம் என்று 24 வாரம் அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்த ஆய்விலும் முன்னேற்றம் இல்லை, ரத்தத்தில் தென்பட்டது மிகச் சொற்பம். 2 கிராமோடு மிளகின் பைப்பரின் 20 மி.கி. சேர்த்தால் உறிஞ்சப்படும் அளவு 20 மடங்கு ஏறும் என்று விற்கிறார்கள். ஆரோக்கியமானவர்களிடம் அப்படிப் பதிவாகியிருப்பது உண்மைதான். ஆனால் பைப்பரின், மருந்துகளைச் சிதைக்கும் சைப் 3ஏ4 என்ற கல்லீரல் நொதியையும் முடக்கும், டோனெபெசில் சிதைவதில் அந்த நொதிக்குப் பங்கு உண்டு; அதனால் டோனெபெசில் ரத்தத்தில் கூடிவிடலாம்.

ஹூபர்சின்-ஏ வேண்டவே வேண்டாம். டோனெபெசில் தடுக்கும் அதே அசிட்டைல்கோலின் எஸ்டரேஸைத்தான் (நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி) அதுவும் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வாந்தி, பேதி, நாடித்துடிப்பு குறைதல், மயக்கம். வயதானவர் ஒருமுறை மயங்கி விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம். ஜிங்கோ 120 மி.கி. இருவேளை, 3069 பேர் பங்கெடுத்த ஆய்வு, 2008-ல் முடிவு வந்தது: மறதிநோயைத் தடுக்கவில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தக்கசிவு அபாயம் வேறு.

தாவரவேதி:
அப்படியானால் தாவரத்திலிருந்து வந்து நிலைத்தது எதுவுமே இல்லையா?

மருந்தாளுநர்:
இருக்கு. ஸ்னோடிராப் செடியின் கிழங்கில் கிடைத்த கேலன்டமைன், அல்சைமர் மருந்தாக 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரிவாஸ்டிக்மின் என்ற இன்னொரு அல்சைமர் மருந்துக்கு மூலம், கலபார் அவரை என்ற ஆப்பிரிக்கக் கொடியின் விதையில் உள்ள ஃபைசோஸ்டிக்மின். இரண்டும் அறிகுறிகளைச் சற்றுத் தணிக்கும், நோயை நிறுத்தாது. கேலன்டமைன் மாத்திரை 4 மி.கி. இருவேளை, சாப்பாட்டோடு. உடல் தாங்கினால் 4 வாரம் கழித்து 8 மி.கி. இருவேளை. மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடரக் கூடாது. மருத்துவரிடம் சொல்லி, மறுபடி 4-லிருந்துதான் ஆரம்பிக்கணும்.