இரும்புக்கு மாறினேன், பிசுபிசுப்பும் துருவும்தான் மிச்சம்

செந்தூல்வாசி:
நான்ஸ்டிக் சட்டியின் பூச்சு உரிந்து பொரியலில் கறுப்புத் துணுக்காக வர ஆரம்பித்ததும், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மஸ்ஜித் இந்தியா பக்கம் போய் ஒரு வார்ப்பிரும்புத் தோசைக்கல்லும் ஒரு சட்டியும் வாங்கி வந்தேன். எண்ணெய் தடவிச் சூடு பண்ணினால் போதும் என்றார் கடைக்காரர். நானும் தாராளமாக நல்லெண்ணெய் ஊற்றி, சிறுதீயில் அரை மணி நேரம் வைத்தேன். இப்போது கல் முழுக்க பசை தடவினது போல் இருக்கிறது, விரல் வைத்தால் ரேகை பதிகிறது. தோசையைச் சுரண்டித்தான் எடுக்கிறேன். சட்டி கதை இன்னும் மோசம். சனிக்கிழமை மீன் குழம்பு வைத்து, மிச்சத்தை ராத்திரி அதிலேயே விட்டுவிட்டேன். காலையில் குழம்பு கறுத்து, வாயில் வைத்தால் ஆணியை நக்கினது போல் ஒரு ருசி. கழுவிக் கவிழ்த்தேன், மத்தியானத்துக்குள் ஓரமெல்லாம் செம்மண் நிறத்தில் துரு. இரண்டும் பாழா? அடுப்பு கேஸ்தான்.

பட்டர்வொர்த் அக்கா:
பாழெல்லாம் இல்லை தம்பி, எண்ணெய் கூடிப்போச்சு, அவ்வளவுதான். எண்ணெய் நல்ல சூட்டில் இறுகி இரும்போடு மெல்லிய படலமாகப் பிடிக்க வேண்டும். தடியாக ஊற்றினால் பாதி இறுகிப் பிசினாக நின்றுவிடும். கல்லை வெந்நீரில் கம்பி நார் போட்டுத் தேய்த்துவிடுங்கள். அப்புறம் அடுப்பில் வைத்து ஈரம் சொட்டு இல்லாமல் காயவிடுங்கள். அரைத் தேக்கரண்டி எண்ணெய் தடவி, உடனே பழைய துணியால், எண்ணெயே தடவவில்லை என்று நினைக்கும் அளவுக்குத் துடைத்து எடுத்துவிடுங்கள். சன்னலைத் திறந்து வைத்து, புகை வந்து அடங்கும் வரை சூடு பண்ணி ஆறவிடுங்கள். இப்படி மூன்று நான்கு தடவை. முதல் ஒரு வாரம் கல் தோசைதான், முறுகல் கேட்காதீர்கள். ஒவ்வொரு தோசைக்கும் முன்னால், பாதியாக வெட்டின வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டுத் தேய்க்கணும். சோப்பு மட்டும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

பூலாவ் தீக்குஸ்:
அக்கா சொன்னதில் சோப்பு விஷயம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. காரம் மிகுந்த பழைய காலத்துச் சோப்புக் கட்டிக்குத்தான் அந்தப் பயம். இப்போதைய பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு போட்டால், நன்றாகப் பழகின கல்லுக்கு ஒன்றும் ஆகாது. நான் வருசக்கணக்காக அப்படித்தான் கழுவுகிறேன். கல்லைக் கெடுப்பது ஈரம். நம் ஊர்க் காற்றில் கவிழ்த்து வைத்தால் காயும் என்று நம்பவே கூடாது, கழுவின கையோடு அடுப்பில் ஏற்றணும். இங்கே ரோட்டோரத்தில் சார் குவே தியாவ் (வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்) போடுகிற அங்கிளைப் பாருங்கள், ஒரு தட்டு முடிந்ததும் குவாலி, அதான் அந்த வாணலி, சூடாக இருக்கும்போதே தண்ணீர் விட்டு மூங்கில் பிரஷ்ஷால் ஒரு சுழற்று, மறுபடி தீ. ராத்திரி முழுக்க இதேதான், துருவுக்கு நேரம் எங்கே?

மீன் குழம்புக்கு மண்சட்டி இருக்கிறதே! புளியும் தக்காளியும் அந்தப் படலத்தைத் தின்றுவிடும், இரும்பு குழம்பில் இறங்கும். அதில் விசம் இல்லை, ருசிதான் போச்சு. சட்டியில் கொஞ்ச நாளைக்குக் கத்தரிக்காய் வதக்குங்கள், அப்பளம் பொரியுங்கள், அதுவே பழகிவிடும்.

கிள்ளான்காரன்:
ஒன்று மட்டும். அந்த அங்கிளின் குவாலி மெல்லிசு, தாங்கும். வார்ப்பிரும்பு சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அவசரத்தில் குழாயடியில் நீட்டினேன், 'டக்' என்று ஒரு சத்தம், நடுவில் விரிசல். அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த கல் அது. இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

செந்தூல்வாசி:
நன்றி. நேற்று நான்கு தடவை செய்தேன், வீடெல்லாம் புகை, மனைவி வெளியே போய் நின்றுவிட்டார். இன்று காலை முதல் இரண்டு தோசை ஒட்டியது, மூன்றாவது ஓரம் தானாகவே எழும்பி வந்தது. சட்டியை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், இப்போதைக்கு அதில் அப்பளம்.