‘ரெமிஷன்’: தணிவா, ஒடுக்கமா?

வணக்கம்.

நாட்பட்ட மைலாய்ட் லுகீமியா என்னும் இரத்தப் புற்றுநோய் குறித்து நோயாளிகளுக்கான 12 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ‘ரெமிஷன்’ என்ற ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். நோய் தீர்ந்துவிட்டது என்பது இதன் பொருளன்று. நோயின் அடையாளம் குறைந்தோ, சோதனைக்குத் தட்டுப்படாமலோ இருக்கிறது என்பதே பொருள். 2001இல் அமெரிக்காவில் இந்நோய்க்கான இமாட்டினிப் மாத்திரை ஒப்புதல் பெற்ற பிறகு, அன்றாடம் மாத்திரை எடுத்துக்கொண்டு பல்லாண்டு இந்நிலையிலேயே வாழ்பவர்கள் பெருகிவிட்டதால், கையேட்டில் 31 இடங்களில் இச்சொல் வருகிறது. முதல் வரைவில் ‘குணமடைந்த நிலை’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நோயாளி ஒருவர், “அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?” என்று கேட்டார். அன்றிரவே 31 இடங்களிலும் அடித்துவிட்டேன்.
– த.

ஐயா,

‘தணிவு’ இருக்க வேறு சொல் எதற்கு? ‘அதுதணிக்கும் வாய்நாடி’ என்று வள்ளுவரே மருந்து அதிகாரத்தில் வைத்துவிட்டார். காய்ச்சல் தணிகிறது, தாகம் தணிகிறது, கோபம் தணிகிறது. தணிந்தது எதுவும் திரும்பி வரக்கூடும் என்பதைத் தமிழ் பேசும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.
– இரா.

அன்புடையீர்,

தணிவு மேலோட்டமான சொல். ‘ஒடுக்கம்’ என்பதே நுட்பமானது. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவில் வரும் ‘ஒடுங்கி மலத்துளதாம்’ என்பதைக் கருதுக: ஒடுங்கியது அழிந்ததாகாது, காரணத்தில் அடங்கி நின்று அங்கிருந்தே மீளத் தோன்றும். மருந்துக்கு அசையாத மூலச் செல்கள் என்பு மச்சையில் (எலும்பு மஜ்ஜையில்) தங்கியிருப்பதால்தான் இந்நோய் மீள்கிறது என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். சித்தாந்தம் கூறும் சங்காரத்துக்கும், அதாவது உலகம் ஒடுங்குதலுக்கும், இதற்கும் என்ன வேறுபாடு? இலத்தீன் மூலமோ ‘திருப்பி அனுப்புதல்’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. அதிலிருந்தே கிறித்தவர்களின் பாவமன்னிப்பும், சிறைத் தண்டனைக் குறைப்பும், நம் வருவாய்த் துறையார் ‘வஜா’ என்று எழுதிய நிலவரித் தள்ளுபடியும் கிளைத்தன. ‘ஒடு’ என்னும் வேரடியைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
– சிவ.

வணக்கம்.

புற்றுநோய்ப் பிரிவில் 20 ஆண்டுகள் செவிலியாக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். சிவ. ஐயா பொறுத்தருள வேண்டும். சித்தர் ஒடுங்கிய இடம் என்றால் எங்கள் ஊரில் சமாதி. அடுத்து யாரேனும் ‘அடக்கம்’ என்று முன்மொழிவதற்குள் அதையும் மறுத்துவிடுகிறேன். மருத்துவமனைக் காகிதத்தில் ‘அடக்கம்’ என்று பார்த்த குடும்பம் என்ன நினைக்கும்?

தணிவிலும் ஒரு சிக்கல் உண்டு. தீராத நோயாளியின் வலியையும் மூச்சுத்திணறலையும் குறைக்கும் பிரிவுக்கு நாங்கள் ஏற்கெனவே ‘நோய்த்தணிப்புச் சிகிச்சை’ என்று பலகை மாட்டியிருக்கிறோம். ஒரே தாழ்வாரத்தில் ஒருவருக்கு நற்செய்தியாகவும் மற்றவருக்குக் கடைசிச் செய்தியாகவும் ஒரே சொல் நின்றால் என்ன செய்வது?

எச்சொல்லானாலும் அடைமொழி ஏற்க வேண்டும். முதலில் இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீராகும். பிறகு, 1960இல் கண்டறியப்பட்ட, இந்நோய்க்கு அடையாளமான ‘பிலடெல்பியா குரோமோசோம்’ எலும்பு மஜ்ஜையில் தென்படாமல் போகும். அதற்கும் பிறகு பிசிஆர் என்னும் நுண்ணிய மரபணுச் சோதனையில், இந்நோயை உண்டாக்கும் பிசிஆர்-ஏபிஎல் மரபணுவின் அளவு 0.1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். மூன்று படிக்கும் மூன்று பெயர் தேவை. (சோதனையின் பெயரும் மரபணுவின் பெயரும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுவதற்கு எந்தப் புலவரும் இன்னும் வழி சொல்லவில்லை.)
– ம.

அம்மா,

தணிதல் தன்வினை, தணித்தல் பிறவினை. நோய் தானே தாழ்ந்து நிற்பது தணிவு. மருத்துவர் முயன்று தாழ்த்துவது தணிப்பு. குழப்பத்துக்கே இடமில்லை. ஆனால் குறளில் இருப்பது பிறவினை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். என் மேற்கோள் உங்கள் பலகைக்கே பொருந்துகிறது.
– இரா.

ஐயா, அந்த வேறுபாடு நன்னூல் படித்தவருக்குத் தெரியும். மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்பவருக்குத் தெரியாது.
– ம.

வணக்கம்.

19ஆம் நூற்றாண்டிலேயே இலங்கையின் மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். அவ்வழி வந்த எங்களுக்கு ‘ரெமிஷன்’ என்று எழுத்துப்பெயர்ப்பதில் உடன்பாடில்லை. ‘நோய் தணிந்த நிலை’ என்று மூன்று சொல்லாக விரித்தால் தணிப்போடு மயங்காது. நீளம்தான், ஆனாலும் வாசிப்பவருக்கு விளங்கும்.
– க.

அனைவருக்கும் நன்றி.

க. ஐயா சொன்னதையே எடுத்துக்கொண்டேன். ‘நோய் தணிந்திருக்கிறது, தீரவில்லை. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது’ என்று முதற்பக்கத்தில் கட்டமிட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. பல்லாண்டு ஆழ்ந்து தணிந்தவர்களுள் சிலர் மருத்துவரின் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறார்கள். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நோய் திரும்புவதில்லை. திரும்பினால், பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் தெரிந்துவிடும். மாத்திரையைத் தொடங்கினால் மீண்டும் தணிகிறது. இதற்கு ‘மருந்தில்லாத் தணிவு’ என்று எழுதி மகிழ்ந்திருந்தேன். தட்டச்சு செய்த பெண், “மருந்தே இல்லாத நோயா, சார்?” என்றார்.
– த.

‘மருந்தொழிந்த ஒடுக்கம்’ என்க. இக்குழப்பம் வராது. தணிவுக்கு என் உடன்பாடின்மையைப் பதிவு செய்கிறேன். வேரடி மடல் நாளை வரும்.
– சிவ.

‘மாத்திரை நிறுத்திய பின்னும் நோய் தணிந்த நிலை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன், ஐயா. அச்சகத்தார் வரி மடங்குகிறது என்கிறார்கள்.
– த.